பழைய வண்டிக்கு ஓகே சொல்வது

ஷாப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இந்தக் கோடையில் உங்களில் யாரிடமாவது ஒருவர் வந்து நிற்பார். "வண்டி பழசுதான், ஆனா நல்லா ஓடுது. யூட்டா போறோம். அங்க மண் ரோட்டுல ஒரு வாரம். ஒரு தடவை பார்த்துக் குடுத்துடுங்க" என்பார். வருஷா வருஷம் வருகிறார்கள். பல் தேய்ப்பது போல ஒரு சாதாரண வேலையைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, சாவியை மேஜையில் வைத்துவிட்டு, காபி எங்கே என்று பார்ப்பார்கள்.

நான் அந்தச் சாவியை உடனே எடுக்க மாட்டேன். நான் பயந்த சுபாவம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு சங்ககிரியில் லாரி ஷெட்டில் சேர்ந்த காலத்திலிருந்தே இப்படித்தான். நான் பிரேக் கட்டின லாரி ஷெட்டை விட்டுப் போனால், அது பத்திரமாகத் திரும்பி வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அப்புறம் என் மனைவி நர்ஸ் வேலைக்கு நியூ ஜெர்சி வந்தாள். அவள் பின்னால் நான் வந்தேன். என் பயமும் கூடவே வந்துவிட்டது, அதற்கு விசா எதுவும் தேவைப்படவில்லை.

பிஸ்கட்டவேயில் யோகனுடைய இந்த ஷாப்பில்தான் வேலை பார்த்தேன், இங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன். யோகனை உங்களுக்குத் தெரியும், உங்கள் முதலாளி. யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை, நீங்கள் ஒரு வண்டிக்கு ஓகே எண்டு சொல்லுறதுக்குள்ள அது மியூசியத்துக்குப் போற வயசுக்கு வந்திடும்" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். தப்பும் இல்லை.

எண்ணெய் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் யோகன் சொல்லித் தருவார், கூடக் கொஞ்சம் திட்டும் விழும். வண்டியைப் பார்த்து முடித்த பிறகு, அதன் சொந்தக்காரர் நம் முகத்தைப் பார்த்து "போலாமா?" என்று கேட்பாரே, அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மான்மவுத் ஜங்ஷனிலிருந்து சரவணன் என்று ஒருவர் வந்தார். கோபிச்செட்டிபாளையம் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. வண்டி ஜப்பான் தயாரிப்பு, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம், அவருடைய மகளை விட வயதில் மூத்தது. முன்னால் வடம் இழுக்கிற வின்ச், மேலே ஒரு வரிசை விளக்கு, கூரையில் மடக்குக் கூடாரம், பின் கதவில் ஏணி. கல்யாண வீட்டுக்கு ஜோடித்த மாதிரி இருந்தது. நான் சுற்றி வந்து ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தலையணை மாதிரி உள்ளே போனது.

"ஸ்டெப்னில காத்தே இல்லைங்களே."

"அதைய யாருங்ண்ணா போய் பாக்கறாங்க" என்றார் சரவணன். வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஆளைப் பிடித்துப் போயிற்று.

அவர் மனைவி மஞ்சுளாவும் மகள் தாராவும் கூட வந்திருந்தார்கள். மஞ்சுளா வீட்டிலேயே டேகேர் நடத்துகிறவர். பிறத்தியார் குழந்தைகளைப் பகல் முழுக்கக் கண்ணில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பார்வை வந்துவிடும். எந்த மேஜை முனை இடிக்கும், எந்தப் பொருள் வாய்க்குள் போகும் என்று தேடும் பார்வை. அந்தப் பார்வையால் ஷாப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அங்கிள், ஓக் ட்ரீ ரோடு பக்கம் தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் விசாரிச்சேன். ரொம்ப பயப்படற மெக்கானிக் யாராவது இருக்காங்களான்னு. எல்லாரும் உங்க பேரைத்தான் சொன்னாங்க."

யோகன் பின்னாலிருந்து இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"எனக்கு இந்த ட்ரிப்பே வேண்டாம்" என்றார் மஞ்சுளா. "போன் சிக்னல் எடுக்காத இடத்துல வண்டி நின்னா என்ன பண்றது? இவருக்கு அது அட்வெஞ்சர். எனக்கு அது வயித்து வலி. ஆனா தாரா ஆகஸ்ட்ல டெக்சாஸ் போறா, காலேஜுக்கு. அவ சின்னப் பொண்ணா இருந்தப்பவே யூட்டாவுல அந்த கேன்யன் பள்ளத்தாக்கைக் காட்டறேன்னு இவர் பிராமிஸ் பண்ணிட்டார். இனிமே மூணு பேரும் சேர்ந்து எங்க போகப் போறோம்? அதனால ஒண்ணு சொல்லிட்டேன். நீங்க ஓகே சொன்னா வரேன். நீங்க சொல்லலைன்னா நான் வரலை."

"அம்மா, ஹி இஸ் ஜஸ்ட் எ மெக்கானிக். டோன்ட் புட் தட் ஆன் ஹிம்" என்றாள் தாரா. எனக்காகப் பரிந்து பேசின ஒரே ஆள் அவள்தான்.

ஆக, வண்டியோடு சேர்த்து ஒரு குடும்பம் சேர்ந்து போகிறதா இல்லையா என்பதும் என் மேஜைக்கு வந்துவிட்டது. போன் எடுக்காத இடத்தில் வண்டி நின்றால் என்ன செய்வது என்பது மஞ்சுளாவின் கேள்வி மட்டும் இல்லை, எனக்கும் அதேதான்.

வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். ரேடியேட்டர் ஹோஸ்கள் கிழடு, மாற்றினோம். பெல்ட், பேட்டரி மாற்றினோம். அத்தோடு நிறுத்த எனக்கு மனசில்லை. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஃபியூயல் பம்ப் எல்லாவற்றையும் புதுசாகப் போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றியது. யோகன் தடுத்தார். "ஓடிக்கொண்டிருக்கிற சாமானை ஏன் அண்ணை கழட்டுறியள்? புதுச் சாமான் எண்டா அது எப்பிடிப்பட்டது எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். சரிதான். பழைய பாகம் தன் குணத்தை நமக்குக் காட்டியிருக்கும், புதுசு இன்னும் காட்டியிருக்காது. ஊரை விட்டுக் கிளம்புகிற வாரத்தில் அறிமுகமில்லாத ஆளை வண்டிக்குள் ஏற்றாதீர்கள். மாற்ற வேண்டியதை முன்கூட்டியே மாற்றி, இங்கேயே நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் ஷாப்பைச் சுற்றி ஒரு ரவுண்டு இல்லை. இதில் நான் பிடிவாதக்காரன். பயணத்துக்கு என்னென்ன ஏற்றுவார்களோ அத்தனையும் ஏற்ற வேண்டும்: கூடாரம், தண்ணீர் கேன், அடுப்பு, துணிமணி, சாப்பாடு, போகப் போகிற அத்தனை பேர். காலி வண்டி ஒரு வண்டி, பாரம் ஏற்றினது வேறு வண்டி. ஒரு சனிக்கிழமை அப்படி முழுப் பாரத்தோடு கிளம்பி, தெற்கே பைன் காட்டு மணல் பாதை வரைக்கும் போய்த் திரும்பலாம், நானும் வருகிறேன் என்றேன்.

இடையில் ஒரு வாரம் வண்டி சரவணன் வீட்டில் இருந்தது. சனிக்கிழமை அதைக் கொண்டுவந்ததும், "அடியில பாருங்ண்ணா" என்றார். குனிந்து பார்த்தேன். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடும் என்று எங்கேயோ வீடியோ பார்த்திருக்கிறார். கறுப்பு ரப்பர் கோட்டிங்கை ஸ்பிரே டப்பாவில் வாங்கி, டிரைவ்வேயில் மல்லாந்து படுத்து, அடிப்பகுதி முழுக்க அவரே அடித்திருந்தார். பாலிஷ் போட்ட ஷூ மாதிரி பளபளத்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

கிளம்பினோம். சரவணன் ஓட்டினார், மஞ்சுளா முன்னால், நானும் தாராவும் பின்னால். எங்கள் முதுகுக்குப் பின்னால் சாமான்களும் சாப்பாட்டு டப்பாக்களும். கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரம் ஆனதும் மெல்ல ஒரு வாசம் வந்தது. பெருங்காயம். நல்லெண்ணெயில் கட்டிப் பெருங்காயத்தைப் பொரித்தால் வீடு முழுக்க நிறைகிறதே, அந்த வாசம்.

"சாப்பாட்டு வாசம் தூக்குது" என்றார் சரவணன்.

"ஐ ஆம் ஹங்கிரி" என்றாள் தாரா.

மஞ்சுளா ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார்.

நானும் மூச்சை இழுத்து விட்டேன். வழக்கமாகச் சோதனை ஓட்டத்தில் நான் உடம்பெல்லாம் காதாக உட்கார்ந்திருப்பேன். ஒரு சத்தம் வந்தால் நிமிர்வேன், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நிமிர்வேன். அன்றைக்கு அந்த வாசம் வந்ததும் தோள் தளர்ந்தது. கட்டுச்சோறு மூட்டையோடு ரயிலில் உட்கார்ந்த மாதிரி ஒரு சுகம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், தூங்கிவிட்டேன். வாடிக்கையாளர் வண்டியில் நான் தூங்கினது அது ஒரு தடவைதான்.

பைன் காட்டு மணல் பாதையில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. மணலில் புதைகிற இடத்தில் நாலு சக்கரத்துக்கும் மாற்றி ஏறியது, இறங்கியது. சரவணன் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. மரங்களுக்கு நடுவே கொஞ்சம் திறந்த இடமாகப் பார்த்து நிறுத்தினோம். மஞ்சுளா விரிப்பை விரித்து, டப்பாவைத் திறந்து, புளிசாதத்தைத் தட்டில் வைக்க ஆரம்பித்தார். பசி வேளையில் சமைத்தவரைப் பாராட்ட வேண்டும் என்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

"வாசத்துலயே தெரியுதும்மா. பெருங்காயத்தை நல்லா தாராளமா போட்டிருக்கீங்க" என்றேன்.

மஞ்சுளாவின் கரண்டி நின்றது. "பெருங்காயமா? எங்க வீட்ல பெருங்காயமே கிடையாதே அங்கிள்."

"கிடையாதுன்னா?"

"தாராவுக்கு கோதுமை ஆகாது, உடம்புக்கு வந்துடும். கடையில விக்கற பெருங்காயத்துல மாவு கலந்திருப்பாங்க. அது தெரிஞ்சதுலேர்ந்து நான் வாங்கறதே இல்லை."

"அப்ப வண்டிக்குள்ள வந்த வாசம்?"

மஞ்சுளா புருஷனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். "அது... உங்க சட்டையிலேர்ந்து வருதுன்னு நெனச்சேன் அங்கிள். காலைல வீட்ல ஆன்ட்டி சாம்பார் வெச்சிருப்பாங்கன்னு. எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

சரவணன் வெடித்துச் சிரித்தார். தாரா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கியர் ஆயிலில் கந்தகம் கலந்திருக்கும். சூடானால் அது பெருங்காயம் மாதிரியே வாசம் அடிக்கும் என்பது இத்தனை நாளில் உங்களுக்கும் மூக்கில் ஏறியிருக்கும். வேறு ஊர்க்காரர் யாராவது அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தால், ஏதோ நாறுகிறது என்று பார்க்வேயிலேயே நிறுத்தச் சொல்லியிருப்பார். நாங்கள் நாலு பேரும் தமிழ் ஆட்கள். மூன்று பேர் பசியோடு ரசித்தோம். ஒருவர் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார். ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஒன்றே ஒன்றை வீட்டு வாசம் என்று நினைத்து நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டேன்.

எழுந்துபோய்ப் பின் சக்கரங்களைப் பார்த்தேன். வலது பக்கம் காய்ந்திருந்தது. இடது பக்கம் டயரின் உள்சுவரில் ஈரம், விரலில் ஒட்டியது. முகர்ந்தேன். அதே வாசம். பின் சக்கரங்களை இணைக்கிற ஆக்சிலுக்குள் இருக்கிற கியர் ஆயில், முனையை அடைத்திருக்கிற ரப்பர் சீலைத் தாண்டி வெளியே வந்து, டிரம்முக்குள் பிரேக் ஷூவை நனைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத கசிவு. ஷாப்பில் வண்டி ஆறிப் போய் நிற்கும்போது வாசமும் வராது.

சீல் ஏன் திடீரென்று விட்டது? நாங்கள் பார்க்கும்போது நன்றாக இருந்ததே. மணலில் மல்லாந்து அடியில் நுழைந்தேன். பக்கத்தில் சரசரவென்று சத்தம். திரும்பினால், மஞ்சுளா போன் வெளிச்சத்தோடு தவழ்ந்து வருகிறார்.

"நீங்க எதுக்கும்மா மண்ணுல?"

"கட்டிலுக்கு அடியில, சோபாவுக்கு அடியில டெய்லி தவழ்ந்து பாக்கறவதான் அங்கிள் நான். சொல்லுங்க, எதைத் தேடணும்?"

எதை என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. வெளிச்சத்தை அவர் அங்கும் இங்கும் நகர்த்தினார். "இங்க ஆக்சில் மேல குட்டியா ஒரு மூடி இருக்கு. இது மேலயும் கோட்டிங் அடிச்சிருக்கு. இது திறந்து இருக்கணுமா, மூடி இருக்கணுமா?"

அது பிரீதர். ஆக்சிலுக்கு மூக்கு மாதிரி. உள்ளே எண்ணெய் சூடாகிக் காற்று விரியும்போது அது வழியாக வெளியே போக வேண்டும். மூக்கை அடைத்துவிட்டால் அந்தக் காற்று எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். மஞ்சுளா துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். மூடியைச் சுற்றிக் கோட்டிங்கைச் சுரண்டினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. உள்ளே அடைத்து வைத்திருந்த பெருமூச்சு மாதிரி.

வெளியே சரவணன் குரல் கேட்டது. "நான் அடிச்ச கோட்டிங்காலயாங்ண்ணா?"

சிரிப்பு போன குரல். இந்த இடத்தைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் தன் கையால் ஒன்றைக் கெடுத்துவிட்டார் என்று தெரிகிற நிமிஷத்தில் நாம் ஒரு வார்த்தை குத்தலாகச் சொன்னால் போதும், அடுத்த தடவை என்ன செய்தாலும் நம்மிடம் மறைத்துவிடுவார். அது வண்டிக்கு இன்னும் ஆபத்து. "ஆசையா பண்ண வேலைங்க. காலைல நானும்தான் பார்த்தேன், நல்லா இருக்குன்னேன். இனிமே எதையாவது அடிக்கறதுக்கு முன்னால ஒரு போன் போடுங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அடுத்து, வீட்டுக்கு எப்படிப் போவது? சரவணன் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பிடித்தது. "முன்னாடி நல்லா பிடிக்குதுங்ண்ணா. சின்ன ரோடாவே மெதுவா போயிரலாம். இங்கிருந்து டோ பண்ணி இழுத்துட்டுப் போனா இன்னிக்குப் பொழுது போயிரும்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிடிக்கிற பிரேக்கை நம்பாதே என்று சொல்வது கஷ்டம். ஆனால் பின்னால் ஒரு சக்கரம் எண்ணெயில் ஊறியிருக்கிறது, மேலே முழுப் பாரம் இருக்கிறது. மெதுவாகப் போனாலும் நமக்கு முன்னால் ஒருவன் திடீரென்று நிறுத்துவான், அப்போது வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை ரோட்டில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. "தார் ரோடு வரைக்கும் ஊர்ந்து போவோம். அங்கிருந்து யோகனைக் கூப்பிடுவோம்" என்றேன். போன் எடுக்கிற இடம் வரைக்கும் கீழ் கியரில், மாட்டு வண்டி வேகத்தில் போனோம்.

தார் ரோட்டில் நின்றதும் மஞ்சுளா சொன்னார். "போதும். இங்க பைன் காட்டுலயே இப்படி. கேன்சல் பண்ணிடலாம்."

சரவணன் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தாரா, "ஓகே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வெளியே திரும்பிவிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

யோகனே டோ டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் போனில் எல்லாக் கதையும் கேட்டிருந்தார். "அண்ணை, நீங்கள் நித்திரை கொண்டியளாமே? வாழ்க்கையில முதல் தரம் பயமில்லாம இருந்தியள், அண்டைக்கே எண்ணெய் ஒழுகிப் போட்டுது. இனிமேல் தயவு செய்து பயந்துகொண்டே இருங்கோ" என்றார். மஞ்சுளாகூடச் சிரித்துவிட்டார்.

இரண்டு பக்கமும் சீல் மாற்றினோம், ஷூ மாற்றினோம். பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் வைத்து மேலே கொண்டுபோய்க் கட்டினோம், இனி மண்ணோ கோட்டிங்கோ எட்டாது. அடுத்த சனிக்கிழமை மறுபடி முழுப் பாரம் ஏற்றி, அதே பாதை. இந்தத் தடவை சரவணனும் தாராவும் நானும் மட்டும். மஞ்சுளா வரவில்லை. வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. நான் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன், வழியில் யாரையும் எதுவும் சாப்பிடவும் விடவில்லை. திரும்பி வந்து டிரம்மைக் கழற்றிப் பார்த்தோம். காய்ந்து கிடந்தது.

சாயந்திரம் மஞ்சுளா ஷாப்புக்கு வந்தார். "அங்கிள், இவங்க ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும்னு விட்டுடலாமான்னு பாக்கறேன். தாரா மூஞ்சியை என்னால பாக்க முடியலை. நீங்க சொல்லுங்க. ஓகேவா?"

என் நாக்கு நுனி வரைக்கும் "வேண்டாம்மா" வந்துவிட்டது. ஒன்று கண்டுபிடித்தோம், கண்டுபிடிக்காதது இன்னும் எத்தனையோ என்று உள்ளே ஒரு குரல். பிள்ளைகளே, இதை மட்டும் நான் நின்று சொல்ல வேண்டும். நம் தொழிலில் "போகாதீங்க" என்பதுதான் நமக்குப் பாதுகாப்பான பதில். போகாத வண்டி நடுவழியில் நிற்காது, நம்மை யாரும் திட்ட முடியாது. ஆனால் அந்தப் பதிலின் நஷ்டம் நம் ஷாப்பில் இருக்காது. வேறு யாரோ ஒருவர் வீட்டில், காலேஜுக்குப் போய்விட்ட பெண்ணின் காலி அறையில் உட்கார்ந்திருக்கும். என் பயத்துக்கு அந்த வீட்டுக்காரர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

"அவங்க ரெண்டு பேர் மட்டும் போறதா இருந்தா ஓகே இல்லைம்மா" என்றேன்.

சரவணன் முகம் விழுந்துவிட்டது. யோகன் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.

"நீங்களும் போறதா இருந்தா ஓகே."

"நானா? நான் மெக்கானிக் இல்லையே அங்கிள்."

"மெக்கானிக் வேலையெல்லாம் நாங்க பண்ணியாச்சு. மிச்சம் இருக்கறது பயப்படற வேலை. அதுக்கு வண்டிக்குள்ள ஒரு ஆள் வேணும். அன்னிக்கு நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். அந்த வாசம் சாப்பாட்டு வாசம் இல்லைன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அடியில அந்த மூடியைக் கண்டுபிடிச்சதும் நீங்கதான். இவர் ஓட்டுவார். தாரா வழி பார்ப்பா. சந்தேகப்படறதுக்கு யார் இருக்கா?"

"அப்ப என் பயம்தான் க்வாலிஃபிகேஷனா?"

"என்னோடதும் அதுதாம்மா. வேற எதுவும் நான் படிக்கலை."

மஞ்சுளா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம், "என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். எங்கே நிறுத்தினாலும் இறங்கின உடனே வண்டியை ஒரு சுற்று. ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோக வேண்டும், தொடக் கூடாது. இடதும் வலதும் ஒரே சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அதிகமாக இருந்தால் கிளம்பாமல் காரணம் தேட வேண்டும். கிளம்பும்போது வண்டி நின்ற இடத்து மண்ணில் சொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுசாக ஒரு வாசமோ சத்தமோ வந்தால் உடனே வாய் விட்டுச் சொல்ல வேண்டும், யார் மனசு நொந்தாலும் சரி. "முக்கியமா, உங்க சட்டை நாறுதான்னு கேக்கத் தயங்கக் கூடாது" என்றேன். அவரை ஷாப் வாசலில் நின்ற அத்தனை வண்டிகளுக்கும் புறங்கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வாடிக்கையாளருடைய வண்டியில் முன் பக்கம் ஒரு சக்கரம் மற்றதை விடச் சூடு என்றார். கழற்றிப் பார்த்தால் உண்மையிலேயே பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, டேகேரை மூடிப்போட்டு இஞ்ச வாங்கோ. எனக்கும் ஒரு ஆள் தேவையாத்தான் கிடக்கு" என்றார் யோகன்.

போனார்கள், மூன்று பேரும். நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். போன் எடுக்காத இடத்துக்குப் போனவர்களிடமிருந்து போன் வராதது நல்ல செய்தி என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். எனக்கு எதுவும் நல்ல செய்தியாகப் படவில்லை.

ஐசலினில் காய்கறிக் கடை வரிசையில் முருங்கைக்காயோடு நின்றுகொண்டிருந்தபோது மஞ்சுளாவின் நம்பர் வந்தது. முருங்கைக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்தேன்.

"அங்கிள், கேஸ் ஸ்டேஷன்ல இருக்கோம், இங்க மட்டும்தான் சிக்னல். ஒண்ணு சொல்லணும். நேத்து மத்தியானம் வலது பக்கம் ரெண்டு வீலும் ஜாஸ்தி சூடா இருந்துச்சு."

"ஐயோ, அப்புறம்?"

"இவர் கிளம்பலாம்னார், நான் விடலை. அந்தப் பக்கம்தான் வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தா, இடது பக்கம் சூடு ஏறிடுச்சு, வலது பக்கம் ஆறிடுச்சு. வெறும் வெயில்தான் அங்கிள். அப்புறம்தான் கிளம்பினோம்."

நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத சோதனை அது. சந்தேகப்படத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன். சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு கிளம்புவதை அந்தப் பெண் தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு அது இன்றுவரை சரியாக வந்ததில்லை.

பின்னால் தாரா எதற்கோ கத்திச் சிரிக்கிற சத்தமும், "வேண்டாங்கறேன்ல" என்று சரவணன் குரலும் கேட்டது.

"இன்னும் ரெண்டு நாள் கூட இருந்துட்டு வரோம் அங்கிள்" என்றார் மஞ்சுளா. "இன்னொரு கேன்யன் இருக்காம், ரோடு இதை விட மோசமாம். எனக்குப் பாக்கணும். நீங்க பயந்துட்டு இருப்பீங்களேன்னு சொல்லிடலாம்னு போன் பண்ணேன். வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். ஓகேவா என்று கேட்கவே இல்லை. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

"அங்கிள், லைன் நகருது" என்றார் பின்னால் நின்ற பெண்.

நகர்ந்தேன்.